மூன்று லிட்டர் தண்ணீர்

விஜயராணி அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று செய்தி வந்த அன்று, எங்கள் லேபர் கேம்ப் சந்தில் நான் முதலில் கேட்டது சிரிப்பைத்தான். “ஊருக்குத்தான் உபதேசம்!” என்றார் கடை வாசலில் நின்ற சுயம்பு அண்ணாச்சி. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த வாளியை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். அவருக்கு என்ன தெரியும்? அவசரம் வந்தால் ஆம்பிளைக்கு இந்த பம்பாயில் எங்கே பார்த்தாலும் சுவர் இருக்கிறது.

அக்கா ஒரு டிரஸ்டில் வேலை பார்த்தாள். வீடு வீடாகப் போய் குடும்பங்களுக்கு ஆரோக்கியம் சொல்லும் வேலை. நீலக் கோட்டும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக, மாடி வீடுகளின் இரும்பு ஏணிகளில் நாளெல்லாம் ஏறி இறங்குவாள். டிரம்மை மூடி வை, கொசு முட்டை போடும் என்பாள். பிள்ளை கையை சோப்புப் போட்டுக் கழுவு என்பாள். எழுந்து புறப்படும்போது கட்டாயம் ஒன்று சொல்வாள்: “ஏட்டி, ஒரு நாளைக்கி மூணு லிட்டர் தண்ணி, மறந்துராத. ஒண்ணுக்கு மஞ்சளாப் போனா ஒடம்பு தண்ணி கேக்குன்னு அர்த்தம்.”

சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறவளும் இல்லை. என் மகள் பிரபாவதிக்கு நீர்க்கடுப்பு வந்தபோது, பார்லி வேகவைத்துச் சொம்பில் கொண்டுவந்தாள். பிள்ளை கடைசி மடக்கைக் குடித்து முடிக்கும்வரை வாசலை விட்டு நகரவில்லை. பெற்றவள் நான்கூட அவ்வளவு பொறுமையாக நின்றிருக்க மாட்டேன்.

ஆனால் அவள் மட்டும் குடிக்க மாட்டாள். எங்கள் சந்தில் யார் வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. முனையில் பொதுச் சண்டாஸ் ஒன்றுதான். பெண்கள் பக்கம் பாதிக் கதவு சரியாக மூடாது. வாசலில் எந்நேரமும் நாலு பயல்கள் மொபைலை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்கள். விடியுமுன்னே ஒரு தடவை, இருட்டின பிறகு ஒரு தடவை என்று இங்கே பொம்பிளைகள் எல்லாரும் உடம்பைப் பழக்கி வைத்திருக்கிறோம். அக்காவுக்கு இன்னும் மோசம். பகல் பூராவும் அடுத்த வீடுகளில் இருக்கிறவள், அந்த வீடுகளிலும் இதே கதைதான். தாகம் எடுத்தால் ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வாள்.

“ஊரையே குடிக்கச் சொல்லுதியே, நீ ஒரு டம்ளர் குடியேன்க்கா” என்று ஒருநாள் கேட்டேன்.

“குடிச்சிட்டு எங்க போவச் சொல்லுத? ஒன் தலைலயா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு இடுப்பு வலி வந்தது. ஏணி ஏறுகிறதால்தான் என்றாள். வலி தாங்காமல் ஒருநாள் பக்கத்து கிளினிக்குக்குப் போனபோது துணைக்கு நானும் போனேன். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று டாக்டர் ஹிந்தியில் கேட்டார். அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டு, “தீன் லிட்டர், டாக்டர் சாப்” என்றாள். மூன்று லிட்டராம்! ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல் உண்டா என்று கேட்டதற்கும் இல்லை என்று தலையாட்டினாள். அவர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

வெளியே வந்ததும் சண்டை பிடித்தேன். “எதுக்குக்கா பொய் சொன்ன?”

“அட்டையத் தொங்கப் போட்டுக்கிட்டு, நானே குடிக்கதில்லன்னு சொல்லவா? சண்டாஸ் கதைய அந்த ஆம்பிள கிட்ட எப்பிடிட்டி சொல்ல?” என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது.

அந்த மாத்திரை நன்றாகத்தான் கேட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. டாக்டரிடம் திரும்பப் போகவே இல்லை. வலிக்கும்போதெல்லாம் மெடிக்கலில் பழைய மாத்திரை அட்டையைக் காட்டி வாங்கிப் போட்டுக்கொண்டாள். மாதங்கள் வருஷமாயின. கால் வீங்கியது, நின்று நின்று வீங்குகிறது என்றாள். முகம் ஊதியது, தூக்கம் இல்லை என்றாள். ஒருநாள் காலையில் ஒரு வீட்டு ஏணியடியில் வாந்தி எடுத்து விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்துவிட்டு, கல்லும் புண்ணுமாகக் கிட்னி ஏற்கெனவே கெட்டுக் கிடந்திருக்கிறது, தண்ணீர் இல்லாத உடம்பில் அத்தனை மாத்திரையும் சேர்ந்து மிச்சத்தையும் முடித்துவிட்டது என்றார்கள். இந்தத் தடவை டாக்டரம்மாவிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. இனிமேல் மறைத்துத்தான் என்ன?

அவள் மகன் இசக்கிராஜ் வாஷியில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறான். தகப்பன் இல்லாத பிள்ளை. “எங்கம்மைய ஒரு சண்டாஸ் கொன்னுட்டுதே அத்தை” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் விழுந்து அழுதான். அடுத்த மாதமே கோபர்கைரனேயில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து அம்மாவைக் கூட்டிப் போய்விட்டான். அவன் அந்த வீட்டில் பார்த்ததெல்லாம் பாத்ரூம் ஒன்றைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். அக்கா பாதியாய் இளைத்திருந்தாள். வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் பண்ணும் மெஷினில் படுக்கிறாள். ஊசி ஏறி ஏறிக் கை புடைத்துக் கிடந்தது. ஜன்னல் திட்டில் ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் இருந்தது. ஒரு நாள் பூராவுக்கும் அவளுக்கு அவ்வளவுதான் அளவாம். அதற்கு மேல் குடித்தால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளுமாம். தாகம் பொறுக்காவிட்டால் மருமகள் ஒரு துண்டு ஐஸ் கொடுப்பாளாம்.

என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போய் பாத்ரூமைக் காட்டினாள். வெள்ளை டைல்ஸ், குழாயைத் திறந்தால் எப்போதும் தண்ணீர். “பிள்ள எனக்காவப் பாத்துப் பிடிச்சது. எனக்குத்தான் ஒண்ணுக்கே வரமாட்டேங்கு கோகிலா” என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும், மருமகளை விடாமல் தானே எழுந்து போய்ப் பெரிய டம்ளரில் தண்ணீர் மொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். வெயிலில் வந்த தாகம் எனக்கு. இருந்தாலும் ரயிலில் திரும்பிப் போக வேண்டுமே என்று பழக்கதோஷத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். அவளுக்கு அது புரிந்துவிட்டது.

“குடிட்டி, பூராவும் குடி. இங்கயே போயிட்டுப் பொறப்படலாம்” என்றாள்.

குடித்தேன். அழுகை வந்ததையும் சேர்த்தே விழுங்கினேன். அக்கா என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.