பிலோமினாவுக்கு ஒரு நிலாக்கல்

சங்கமித்ரா கல் ஆராய்ச்சி செய்கிறாள் என்று தெரிந்ததும், அவள் குடியிருக்கும் ஆஸ்டின் டவுனில் பாதிப் பேர் விரலை நீட்டிக்கொண்டு வந்தார்கள். புஷ்பராகமா, பவழமா, எது ஒத்துக்கொள்ளும் என்று கேட்டார்கள். ஆட்டோ ஓட்டும் அவள் அப்பா கிருஷ்ணப்பாதான் அலுக்காமல் விளக்குவார்: "அது ராசிக்கல் இல்லப்பா. வானத்துலருந்து வுழுற கல்லு."

கம்ப்யூட்டர் சயன்ஸில் இடம் கிடைக்காமல் ஜியாலஜிக்குப் போனவள். அங்கே மைக்ரோஸ்கோப்பில் முதல் பாறைச் சீவலைப் பார்த்த அன்றே கம்ப்யூட்டரை மறந்துவிட்டாள். இப்போது மல்லேஸ்வரம் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில், விண்கற்களை, அவற்றின் தாதுக்களையும் அமைப்பையும் பார்த்து வகை பிரிக்கிறாள். நிலாவிலிருந்து விழுந்த கல் ஒன்று தன் கைக்கு வர வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை.

வந்தது, கேக் டப்பாவில். விவேக் நகரில் பேக்கரி வைத்திருக்கும் ஓஸ்வால்ட் கொண்டுவந்தார். மொராக்கோவில் வேலை பார்க்கும் மச்சான், நிலாக்கல் என்று வாங்கி அனுப்பியதாம்.

"எங்களுக்குக் கல்யாணமாயி இருபத்தஞ்சு வருசம் ஆவுதும்மா. நிலாவையே கொண்டாந்து தர்றேன்னு அப்பவே பிலோகிட்ட சொல்லிட்டேன். நெசமான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

ஓர் ஓரத்தை அறுத்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் தாதுத் துணுக்குகள், அவற்றுக்கு நடுவே பைராக்சீன் என்ற இன்னொரு தாது. எல்லாம் நொறுங்கி, மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டிப்பட்டிருந்தன. காலகாலமாக அடிவாங்கிய நிலாத் தரை இப்படித்தான் இருக்கும். சங்கமித்ரா உடனே போனை எடுத்தாள்.

"நிலாக்கல் மாதிரிதான் தெரியுது அங்கிள்."

'மாதிரி' என்ற சொல் ஓஸ்வால்டின் காதில் விழவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் விவேக் நகர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

அதற்கப்புறம்தான் பைராக்சீனில் இரும்பும் மாங்கனீசும் எவ்வளவு என்ற அளவு வந்தது. நிலாக்கல்லில் மாங்கனீசைப் போல அறுபது மடங்குக்கும் மேலே இரும்பு இருக்க வேண்டும். இதில் முப்பதுதான். வேறு வேறு துணுக்குகளில் அளந்து பார்க்கச் சொன்னாள். கருவியை ஓட்டும் நாகேஷ் சிரித்தான்.

"எத்தினி வாட்டி பாத்தாலும் அதே மாங்கனீஸ்தான் மேடம். பயந்து ஓடிப்போவாது."

இது நிலா இல்லை. செவ்வாயைத் தாண்டிச் சுற்றும் வெஸ்டா என்ற குறுங்கோளின் துண்டு. இந்த வகைக் கல்லுக்கு யூக்ரைட் என்று பெயர். அவசரப்பட்டு வாயை விட்டோமே என்று சங்கமித்ரா தன்னையே திட்டிக்கொண்டாள். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. அப்பாவின் ஆட்டோவிலேயே விவேக் நகருக்குப் போனாள்.

கடையில் பிறைநிலா வடிவத்தில் ஒரு பெரிய கேக். ஓஸ்வால்ட் அதற்குக் கிரீம் பூசிக்கொண்டிருந்தார்.

"சாரி அங்கிள். நான்தான் அவசரப்பட்டுட்டேன். அது நிலா இல்ல."

கிரீம் கத்தி அந்தரத்தில் நின்றது. "ஐயோ! ஊரெல்லாம் சொல்லிட்டேனேம்மா. டூப்ளிகேட்டா?"

"இல்ல, அசல் விண்கல்தான். ஆனா நிலாவவிட ரொம்ப தூரத்துலருந்து வந்திருக்கு. வெஸ்டான்னு ஒரு குட்டிக் கோள்."

மாவு அப்பிய கையோடு பிலோமினா உள்ளேயிருந்து வந்தார்.

"எவ்ளோ தூரம்?"

"நிலாவப்போல பல நூறு மடங்கு, ஆன்ட்டி."

பிலோமினா புருஷனை ஏற இறங்கப் பார்த்தார். "ரேஷன் கடைக்கு அனுப்பினாக்கூட வழி தப்பிப் போற ஆளு. நிலாவுக்கு அனுப்பினா வேற எங்கியோ போய் வந்திருக்காரு பாரு!"

சொல்லிவிட்டு அவரே அடக்க முடியாமல் சிரித்தார். ஓஸ்வால்டுக்கும் சிரிப்பு வந்தது. வாசலில் காத்திருந்த கிருஷ்ணப்பா, என்ன விஷயம் என்று தெரியாமலே சிரித்தார்.

அடுத்த வாரம் இருவரும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள். பிலோமினா பட்டுப்புடவையில் இருந்தார். குனிந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். சங்கமித்ரா சீவல் வைத்திருந்த மேடையை மெல்லத் திருப்ப, பைராக்சீன் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் பளிச்சிட்டு அணைந்து, மறுபடி பளிச்சிட்டது.

"நானும் பாக்கறேன், கொஞ்சம் நகரு பிலோ" என்றார் ஓஸ்வால்ட்.

"சும்மா இரு. எனக்குத்தானே வாங்கின?" என்றார் பிலோமினா, கண்ணை எடுக்காமலே. "இன்னொரு வாட்டி திருப்பும்மா."