பெனொனி அண்ணன் பெயரை மாற்றாதீர்கள்

பெனொனி அண்ணன் போய்விட்டார். நேற்று காலை, பெஹாலா வீட்டிலேயே... ஹார்ட் அட்டாக்.

இன்று அடக்கம். அழத்தான் போனேன். வயிறெரிந்து திரும்பி வந்திருக்கிறேன்.

பெட்டியின் மேல் 'பென்யமீன்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அலிப்பூர் ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட். திருநெல்வேலிக்காரர். நான் சேர்ந்த புதிதில், "இது என்ன பேரு அண்ணே, கேள்விப்பட்டதே இல்லையே?" என்று கேட்டேன்.

"எபிரேயப் பேரும்மா. 'என் துக்கத்தின் மகன்'னு அர்த்தம். வேதத்துல ஒரு தாய் புள்ளையப் பெத்துட்டுச் சாகும்போது வச்ச பேரு. தகப்பன் உடனே பென்யமீன்னு மாத்திட்டாரு. அதுக்கு வலது கையின் மகன்னு அர்த்தம்."

அவர் வீட்டிலும் அச்சு அசலாக அதேதான் நடந்திருக்கிறது. பிரசவத்தில் கண்மூடும் முன் அம்மா வைத்த பெயர் பெனொனி. ஞானஸ்நானத்தில் அப்பா பென்யமீன் ஆக்கிவிட்டார். மேஜர் ஆனதும் இவர் கெஜட்டில் போட்டுத் திரும்ப மாற்றிக்கொண்டார்.

புதிதாக வந்த ஆபீசர் ஒருவர் ஒருமுறை, இவ்வளவு சோகமான பெயர் எதற்கு, பெஞ்சமின் என்றே வைத்துக்கொள்ளலாமே என்று அட்வைஸ் செய்துவிட்டார். அண்ணன் சீட்டுக்கு வந்து என்னிடம் பொரிந்து தள்ளினார்.

"துக்கம்னா கெட்ட வார்த்தையா? எங்கம்மா எனக்குத் தந்தது இந்தப் பேரு ஒண்ணுதாம்மா. அதையும் புடுங்கிட்டா எப்படி?"

ஆனால் பெஹாலாவில் வங்காளித் தெருவே அவரை 'பெனுதா', அதாவது பெனு அண்ணா, என்று கூப்பிடும்போது வாயெல்லாம் பல். பூஜா நாளில் கிச்சடி வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாற முதல் ஆளாக நிற்பார். "இது டாக் நாம்மா, செல்லப் பேரு. பேர மாத்துறது வேற."

இன்று அவருடைய பெரியண்ணனிடம் நேராகவே கேட்டேன். ஊரிலிருந்து வந்திருந்தார். ஏற்பாடு எல்லாம் அவர்தான்.

"சாவு வீட்டுல என்னம்மா பேச்சு இது? அந்தப் பேருதான் எங்கம்மாவ முழுங்கிச்சு."

அவருக்கும் அவர்தானே அம்மா, புரிகிறது. அதற்காக? செத்தவர் எழுந்து வந்து சண்டை போட மாட்டார் என்ற தைரியமா? உயிரோடு இருக்கும்போது செய்திருப்பீர்களா இதை?

ஜெபத்தில் பாஸ்டரும் "நம் சகோதரன் பென்யமீன்" என்றார். "பெனொனி!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்டர் ஒரு நொடி நிறுத்தினார்... பிறகு பென்யமீன் என்றே முடித்தார்.

கல்லறைக் கல்லிலும் அதையேதான் வெட்டப்போகிறார்களாம். வெட்டிக்கொள்ளுங்கள்... உங்கள் கல், உங்கள் இஷ்டம்.

போங்க அண்ணே. அம்மா ஒரே ஒரு தடவைதான் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. இனிமே ஆசை தீரக் கூப்பிடட்டும்.