வாசலில் மூன்று சோடிச் செருப்பு

கனடாவில், ஸ்ரௌவ்வில் நகரிலுள்ள என் வீட்டுக் கதவைத் தட்டியவள் ஒரு தமிழ்ப் பெட்டை. "அங்கிள், சென்சஸ். உங்கட வீட்டில எத்தனை பேர் இருக்கிறியள்?" என்று கேட்டாள். இப்படி ஆட்களை எண்ண வந்தவரை முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. இலங்கையிலிருந்து கனடாவுக்கு வரும் வழியில், களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அப்பா, அம்மா, நான் என எங்கள் மூவரையும் ருமேனியாவின் மலையடிக் கிராமமொன்றில், மரியா என்பவளின் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அங்கே பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. இளம் ஆட்களெல்லாம் இத்தாலிக்குத் தோட்டவேலைக்குப் போய்விட்டார்கள். மரியாவின் இரண்டு மகன்களும்தான். மிஞ்சியவர்கள் ஆடும் சோளமும் வைத்துப் பிழைத்தார்கள்.

ஒருநாள் காலை ஆட்களை எண்ணுகிறவர் வந்தார். நாங்கள் களஞ்சிய அறையில் சோளக்குவியலுக்குப் பின்னால் ஒளிந்தோம்.

"மூச்சுக் காட்டாதையடா," என்று அம்மா என் வாயைப் பொத்தினார்.

பலகை இடுக்கால் பார்த்தேன். தான் ஒருத்திதான் என்று மரியா ஒரு விரலைக் காட்டினாள். அவர் குனிந்து வாசற்படியைப் பார்த்தார். ஊரில் பழகியபடி நாங்கள் கழற்றி வைத்த மூன்று சோடிச் செருப்புகள் அங்கே வரிசையாக இருந்தன. என்னுடையது மிகவும் சின்னது. அந்தக் கிராமத்தில் பிள்ளைகளே இல்லை.

நெடுநேரம் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டு போனார். எத்தனை என்று எழுதினார்? இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து கனடா வரும்வரை அம்மா எங்கள் செருப்புகளைப் பையில் வைத்து அணைத்துக்கொண்டுதான் படுத்தார்.

"அங்கிள்?"

"நாலு பேர், பிள்ளை. எல்லாரும் கனடா சிற்றிசன்," என்றேன், குடியுரிமை பற்றி அவள் கேளாமலே.

அதற்குள் என் கால், மகளின் சின்னச் சப்பாத்துகளைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தது.