எதிராளியின் கைகளுக்காக ஜெபித்தேன்

ஜெபத்தை நம்பி வாழ்கிற என் சகோதர சகோதரிகள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

என் கணவர் கழுத்து முறிந்து விழுந்தபோது சுற்றி நின்ற ஜனம் கைதட்டியது. நானும்தான் தட்டினேன். போன பங்குனியில், பெரம்பலூர் பக்கத்தில் ஒரு கல்குவாரியில், பட்டப்பகலில் நடந்தது இது. அன்றைக்கு எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இதைச் சொல்வதற்கு முன்னால் அவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் பெயர் சாராள். தா.பழூர் பக்கத்துக் கிராமம். என் கணவர் எபிநேசர். வாசல் நிலையில் தலை இடிக்காமல் வீட்டுக்குள் வரத் தெரியாத உயரம். கபடியில் அவரைப் பிடிக்க நான்கு பேர் வேண்டும். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் மலேசியாவுக்குக் கிடங்கு வேலைக்குப் போனார். அங்கே உடற்பயிற்சிக் கூடத்தில் அவர் உடம்பைப் பார்த்த சிலர், மண்டபங்களில் டிக்கெட் போட்டு நடத்துகிற மல்யுத்தக் காட்சியில் சேர்த்துவிட்டார்கள். கயிறு கட்டிய மேடை, கலர் விளக்கு, பாட்டு, கூச்சல். அதுதான் கொஞ்ச காலத்தில் அவருடைய முழுநேரத் தொழிலாகிவிட்டது. அங்கே அவருக்கு வைத்த பெயர் 'மெட்ராஸ் முரடன்'. மனிதர் மெட்ராஸில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. தா.பழூர் முரடன் என்றால் யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை சண்டை நடக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதன் வீடியோ என் போனுக்கு வரும். சபையில் பாதிப்பேர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். எனக்குத்தான் அதைப் பார்க்கவே பிடிக்காது. ஏனென்றால் அவர் தோற்றுக்கொண்டே இருந்தார். எதிராளி எப்போதும் ஒரே ஆள்தான், உள்ளூர் மலாய்க்காரர், பெயர் அஸ்மான். கடைசியில் அந்த அஸ்மான் என் கணவரைத் தலைகீழாகத் தூக்கி, தலை தரையில் இடிக்கிற மாதிரி பொத்தென்று உட்காருவார். கூட்டம் கொண்டாடும். எனக்குக் கண்ணீர் வரும்.

சபைச் சகோதரிகள் சும்மா இருப்பார்களா? சனிக்கிழமைதோறும் உபவாசம் வைத்தோம். "எபிநேசருக்கு ஜெயம் கொடும்" என்று கேட்டோம். ஜெயம் வரவில்லை. கேட்கிற விதம் சரியில்லை போலிருக்கிறது என்று எனக்குப் பட்டது. கோபத்தோடு முழங்காலில் நின்று, எல்லோரும் கேட்கச் சத்தமாகவே ஜெபித்தேன்: "ஆண்டவரே, அந்த அஸ்மானின் இரண்டு கைகளையும் பெலனற்றுப் போகப் பண்ணும்." எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அன்றைக்கு மனசு லேசானது. சுகமாகத் தூங்கினேன் என்று சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவர் லீவில் வந்தார். சாப்பாடு போட்டுக்கொண்டே, உங்களுக்காகச் சபையே உபவாசம் இருக்கிறது தெரியுமா என்று பெருமையாகச் சொன்னேன். ஜெயிக்கவா ஜெபித்தீர்கள் என்று விழுந்து விழுந்து சிரித்தார். வெளியூர்க்காரன் தோற்றால்தான் அங்கே ஜனம் வரும், தோற்பதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள், யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துத்தான் மேடை ஏறுவோம், வெளியே சொல்லக் கூடாது என்பதால் உன்னிடமும் சொல்லவில்லை என்றார். எனக்குக் கோபமும் வந்தது, நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியில் வாய் சும்மா இராமல், அஸ்மானின் கைகளுக்கு விரோதமாக ஜெபித்ததையும் சொன்னேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார்.

"ஏம்புள்ள, எங் கழுத்தே அந்தக் கையிலதான இருக்கு? தலகீழாத் தூக்கறப்ப எந் தலைக்கும் தரைக்கும் நடுவுல ஒரு சாண்தான் எடம். அவன் புடி நழுவுனா நான் இல்ல."

அதற்குப் பிறகு பொறுமையாக விளக்கினார். அஸ்மான் இவர் பாரத்தை முழுவதும் தன் தொடையில் வாங்கிக்கொள்வாராம். அடி வாங்குகிறவன் உடம்பைக் காப்பாற்றுவதுதான் அடிக்கிறவனுடைய முதல் வேலையாம். வலி நிஜமா நடிப்பா என்று தெரிந்துகொள்ள, ஒருவர் கையை ஒருவர் ரகசியமாக அமுக்குவார்களாம். திருப்பி அமுக்கினால் நலம். அமுக்காவிட்டால் ஆபத்து. நிஜமாகவே அடிபட்டுவிட்டால் தலைக்கு மேலே இரண்டு கைகளையும் குறுக்காகக் காட்டுவார்கள், உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள்.

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். ஜெபம் பண்ணியாகிவிட்டது. அதுவும் உபவாசத்தோடு. கேட்டது கிடைக்கும் என்று நானே எத்தனை கூட்டத்தில் சாட்சி சொல்லியிருக்கிறேன். இப்போது கிடைத்துவிட்டால்? பாஸ்டர் ஐயாவிடம் ஓடினேன். கெட்டதைக் கேட்டால் கொடுக்கிற தகப்பன் இல்லையம்மா அவர் என்று ஐயா தேற்றினார். மூளைக்குப் புரிந்தது. வயிற்றுக்குப் புரியவில்லை.

அவர் திரும்பிப் போனபின் ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு நரகம்தான். கைவேலை ஓடாது. போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். ஜெபத்தை மாற்றினேன். "அஸ்மானின் கைகளைப் பெலப்படுத்தும். விரல்களைப் பெலப்படுத்தும். அவருக்குச் சளிகூடப் பிடிக்கக் கூடாது ஆண்டவரே." சபையில் இது சிலருக்கு ஒப்பவில்லை. போன மாதம் வரைக்கும் சத்துரு, இந்த மாதம் சகோதரனா, அதுவும் வேற மார்க்கத்து ஆளுக்கு நாம் எதற்குப் பட்டினி கிடக்க வேண்டும் என்று ஒரு சகோதரி முகத்துக்கு நேராகவே கேட்டார். என் புருஷன் கழுத்து அங்கே தொங்குகிறது, எனக்கென்ன வாதம் பண்ண நேரமா?

இதற்கிடையில் மலேசியாவில் எடுத்த ஒரு தமிழ் நாடகத்தில் இவருக்கு அடியாள் வேஷம் கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு இங்கே ஒரு சினிமாக்காரர் கூப்பிட்டார். அங்கேயும் தோற்கிற வேஷம்தான். கதாநாயகன் இவரைத் தூக்கி எறிய வேண்டும். தூக்குகிற இடத்தில் மட்டும் கதாநாயகனுக்குப் பதிலாக, அவர் சட்டையைப் போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு ஆள் நிற்பார். என்னைத் தூக்குவதென்றால் அஸ்மான்தான் தூக்க வேண்டும் என்று இவர் பிடிவாதமாகச் சொல்லி, அவரையும் விமானத்தில் கூட்டி வந்துவிட்டார். படப்பிடிப்பு பெரம்பலூரில். நம் ஊர்ப் பக்கத்திலேயே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமியாரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அஸ்மானை அங்கேதான் நேரில் பார்த்தேன். "வாங்கண்ணி, வூட்ல எல்லாரும் சௌரியமா?" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தமிழை இவரிடம் கற்றுக்கொண்டதால் அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு. நான் அவர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முறம் மாதிரி அகலமான கைகள்.

இரண்டு தடவை ஒத்திகை நன்றாகவே நடந்தது. மூன்றாவது தடவை கேமரா ஓடியது. அஸ்மான் இவரைத் தூக்கினார். அவர் காலடியில் சரளைக்கல் சறுக்கியது. இருவரும் பக்கவாட்டில் சரிந்தார்கள். இவர் தலை, கீழே விரித்திருந்த மெத்தைக்கு வெளியே போய்த் தரையில் பட்டது. காட்சி பிரமாதம் என்று நினைத்து எல்லோரும் தட்டினார்கள். அப்போது அஸ்மான் முழங்காலில் எழுந்து, தலைக்கு மேலே இரண்டு கைகளையும் குறுக்காகக் காட்டினார்.

அந்தக் குவாரியில் அதன் அர்த்தம் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஜனத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஓடினேன்.

ஜனமும் ஓடி வந்தது. தூக்கி உட்கார வை, சோடா கொடு, முகத்தில் தண்ணீர் அடி என்று ஆளுக்கு ஒரு யோசனை. அஸ்மான் குப்புறப் படுத்து, இரண்டு முழங்கைகளையும் கல்லில் ஊன்றி, இவர் தலையை இரண்டு பக்கமும் அசையாமல் பிடித்துக்கொண்டார். "தொடாதீங்க. யாரும் தொடாதீங்க" என்று அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் பின்வாங்கியது. பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணி, அவரு கையப் புடிங்க. அமுக்குங்க. திருப்பி அமுக்கறாரா?"

பிடித்தேன். அமுக்கினேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். ஆனால் கை திருப்பி அமுக்கவில்லை. மறுகையையும் பிடித்தேன். அதுவும் இல்லை.

பிரியமானவர்களே, அந்த நேரத்தில் எனக்கு வந்த நினைவு ஒன்றே ஒன்றுதான். அந்தப் பழைய ஜெபம் இப்போதுதான் போய்ச் சேர்ந்ததோ? வேண்டாம் ஆண்டவரே, அது நான் தெரியாமல் கேட்டது, இந்தக் கைகளைத் தளரவிடாதேயும். இதைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. ஆம்புலன்ஸ் டவுனிலிருந்து வர வேண்டும். வெயில் கல்லில் பட்டு முகத்தில் அடித்தது. மாமியார் முந்தானையை விரித்து மகன் முகத்துக்கு நிழல் பிடித்தார். அஸ்மானின் முழங்கையிலிருந்து ரத்தம் கசிந்து கல்லில் இறங்கியது. கொஞ்ச நேரம் நான் பிடித்துக்கொள்ளட்டுமா என்று படக்குழுவில் ஒருவர் கேட்டார். அஸ்மான் விடவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கழுத்துக்குப் பட்டை போட்ட பிறகுதான் கையை எடுத்தார். விரல்களை அவரால் மடக்க முடியவில்லை.

திருச்சியில் ஆபரேஷன். தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். அந்த நேரத்தில் யாராவது தூக்கி உட்கார வைத்திருந்தால் கழுத்துக்குக் கீழே எதுவும் மிஞ்சியிருக்காது, ஆளே மிஞ்சியிருப்பாரோ என்னவோ என்றார். ஆனால் கை கால் திரும்ப வருமா என்பதற்கு அவரிடமும் பதில் இல்லை. பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமில் நாட்கள் போயின. வார்டுக்கு வெளியே பெஞ்சில் ஒரு பக்கம் நான் ஜெபிப்பேன். எதிரே சுவரோரம் துண்டை விரித்து, கட்டுப் போட்ட கைகளோடு அஸ்மான் தொழுவார். ஒருநாள் என்னால் அடக்க முடியவில்லை. உங்கள் கைகளுக்கு விரோதமாக ஜெபித்தவள் நான் என்று சொல்லி அழுதுவிட்டேன்.

"தெரியும்ண்ணி. எபி அண்ணன் அப்பவே சொல்லிட்டாரு. அன்னிலேருந்து அவரத் தூக்கறப்ப எல்லாம் எனக்குப் பயந்தான். அதனாலயே இன்னுங் கெட்டியாப் புடிச்சுக்குவேன்" என்றார்.

கோபத்தில் நான் எறிந்த கல்லைக்கூட ஆண்டவர் வீணாக்காமல் சுவரில் வைத்துக் கட்டியிருக்கிறார்.

குருத்தோலை ஞாயிறு காலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல அமுக்கினேன். தினமும் அமுக்கி அமுக்கிப் பழகிவிட்டது, எதிர்பார்ப்பு கூட இல்லை. திருப்பி அமுக்கினார். பூனைக்குட்டி மிதிக்கிற அளவுக்குத்தான். நான் அலறிய அலறலில் நர்ஸ் ஓடி வந்தார்.

இன்று என் கணவர் நடக்கிறார். தானாகச் சாப்பிடுகிறார். கழுத்து மட்டும் திரும்பாது, யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவார். மேடை முடிந்தது. சீரியலில் நீதிபதி வேஷம் கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்தே இருக்கலாம், யாரும் தூக்க மாட்டார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இடது கையில் டம்ளர் நழுவுகிறது. மழைநாளில் வலி. சனிக்கிழமை வந்தால் நான் இன்னமும் போனைக் கீழே வைப்பதில்லை. ஆனால் ஆள் வீட்டில் இருக்கிறார். நிலையில் தலையை இடித்துக்கொள்கிறார். என் தேவனுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. நமக்கு வேண்டியவர்களுக்காக ஜெபித்து முடித்ததும் எழுந்துவிடுவதில்லை. யாரைக் கண்டால் ஆகாதோ அவர் பெயரையும் சொல்லி நன்மை கேட்கிறோம். முகத்துக்கு நேராகக் கேட்ட அந்தச் சகோதரிகூட, வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன தன் கொழுந்தன் பெயரைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறார். நீங்களும் சொல்லிப் பாருங்கள். நாக்கு வராது. வராவிட்டாலும் சொல்லுங்கள். நம்முடைய கழுத்து யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

அஸ்மானுக்குக் கை குணமாகிவிட்டது. வரும் சனிக்கிழமை மறுபடி மேடை ஏறுகிறார். அவருக்காக ஜெபியுங்கள். அவருக்கு எதிரே புதிதாக ஒருவர் நிற்கப் போகிறாராம், எந்த நாட்டிலிருந்தோ பிழைக்க வந்தவர். அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் எங்கேயோ ஒரு வீட்டில் ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.