பதினேழாம் குழாய் ஒளிர்ந்தது

யுத்தம் முடிவதற்குச் சில வருடங்களுக்கு முன், கண்டிக்குப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களோடு பிறபொருளெதிரியை, அதாவது நோயை அடையாளம் காணும் எதிர்ப்பொருளை, இணைப்பது எங்கள் வேலை. புற்றுநோய்க் கலங்கள் இரத்தத்தில் கசியவிடும் புரதம் அகப்பட்டால் எதிரி அதைப் பிடித்துக்கொள்ளும். புற ஊதா விளக்கைக் காட்டினால் குழாய் செம்மஞ்சளாய் ஒளிரும். பார்க்க அழகுதான்.

இரத்தம் யாருடையது? மார்பில் கட்டியோடு ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற பெண்களுடையது. சம்மதப் பத்திரம் சிங்களத்தில் இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் இல்லை. கேட்டேன்.

"நீர் இருக்கிறீர்தானே பிள்ளை, வாயால சொல்லிவிடும்" என்றார் பேராசிரியர். யாழ்ப்பாணத்துக்காரர்; அவருக்கும் தமிழ்தான் தாய்மொழி! வந்தவர்களில் பாதிப்பேர் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். நானும் நாவலப்பிட்டித் தோட்டத்தில் பிறந்தவள். எனக்கு வயிறு எரியாமல் வேறு யாருக்கு எரியும்? பத்திரத்தின் தலைப்பில் 'நோயாளர் நலனுக்காக' என்று வேறு போட்டிருந்தார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை.

குழாய்களில் பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும்தான். எண்களை எழுதியவள் நான் என்பதால் பதினேழு யாரென்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் கொழுந்து பறிக்கிறவள். கைநாட்டு வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று மாதம் கழித்துப் பதினேழு ஒளிர்ந்தது. வேறெதுவும் அப்படி ஒளிரவில்லை. பேராசிரியர் தானே படம் எடுத்தார்.

"சேர், அந்தம்மாவுக்குச் சொல்ல வேணாமா?"

"உது ஆராய்ச்சி பிள்ளை. நோய் இருக்கெண்டு சொல்லுற தகுதி உதுக்கு இன்னும் இல்லை."

உண்மைதான், சோதனை பிழையாய் இருந்தாலும் இருக்கும். அதற்காக, டொக்டரிடம் போனாயா என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? அந்தப் படத்தை மாநாட்டுக்கு அனுப்பும்போது மட்டும் தகுதி எங்கிருந்து வந்தது? ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். கட்டியில் ஊசி குத்திப் பார்க்க நாள் கொடுத்தார்களாம், அவள் வரவேயில்லையாம்.

சனிக்கிழமை அவளைத் தேடி பஸ் ஏறினேன். கொழும்பில் குண்டு வெடித்தால் கம்பளையில் ஆமிக்காரர்கள் தமிழரான எங்களை பஸ்ஸிலிருந்து இறக்குவார்கள். அன்றும் இறக்கினார்கள். ஆய்வுகூடத்தில் என்ன மருந்து கலக்கிறாய் என்று கேட்டுக் கேட்டே பொழுதைச் சாய்த்துவிட்டு, திரும்பிப் போ என்றார்கள். நாசமாய்ப் போன ஒரு வாரம்!

அடுத்த சனி போய்ச் சேர்ந்தேன். தோட்டத்து வரிசைவீடான லயத்து வாசலில் நின்றவளுக்கு என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க, வாங்க! இம்புட்டு தூரம் வந்திருக்கீங்களே!"

எனக்கிருந்த ஆத்திரத்தில் அவள்மேலேயே பாய்ந்தேன். "ஆஸ்பத்திரியில நாள் குடுத்தாங்களே, ஏன் போகல?"

"அதான் நீங்க ரத்தம் எடுத்தீங்களே? பாத்துட்டு சொல்றோம்னு நீங்கதானே சொன்னீங்க. ஒண்ணும் சொல்லியனுப்பல. சரி, ஒண்ணுமில்லன்னு இருந்துட்டேன்."

சொன்னேன்தான். ஊசியைக் கண்டு நடுங்கியவளிடம், வரிசை நகர வேண்டுமே என்று, வாயில் வந்ததைச் சொன்னேன். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டு வந்தது பேராசிரியரை.

"திங்கக்கிழமையே கண்டிக்குப் போறோம்" என்றேன்.

அவள் கதவைச் சாத்திவிட்டுச் சட்டையை விலக்கினாள். கட்டி தோலைப் பிளந்திருந்தது.

"அன்னிக்கு வேலைக்குப் போயி பேர் போட்டாத்தாங்க சம்பளம்" என்றாள். "இது இப்ப ஒடஞ்சிருச்சே, இனி தானா ஆறிருமில்ல?"