மாத்திரையை நிறுத்திய பதினொரு நாள்

தையல் கடையில் அவளுக்குப் பட்டப்பெயர் டேப்பு. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். ஒரு கல்யாணத்துக்கே அதோடு போய் நின்றிருக்கிறாள். வயது முப்பத்தாறு, பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள்.

அம்மா மார்பகப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். பிறகு அக்காவுக்கும் வந்து, ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். அடுத்தது யார் என்று டேப்புக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மா சோதித்துவிட்டு ஒரு மாத்திரை எழுதினார். ஹார்மோனை மார்பகத்தில் வேலை செய்ய விடாமல் அது தடுக்கும். நோய் வருகிற வாய்ப்பு குறையும். தினம் ஒன்று, ஐந்து வருடம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அது ஆகாது, அதனால் அதுவரை கர்ப்பம் கூடவே கூடாது.

"நீ இருந்தா போதும் எனக்கு" என்றார் லிஃப்ட் மெக்கானிக்கான கணவர். அவளுக்குப் போதவில்லை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இரண்டாம் வருடம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. மாத்திரையாலேயே அப்படி ஆகலாம், எதற்கும் உடனே வந்து காட்ட வேண்டும் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். டேப்பு அதை வசதியாக மறந்தாள். யாருக்கும் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினாள். மருந்துக் கடையில் கர்ப்பம் பார்க்கும் கிட் கிடைக்கும், வாங்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

நின்றுகொண்டே துணி வெட்டுகிறவள் ஸ்டூல் கேட்டாள். துணிக்கட்டைத் தூக்கச் சொன்னால் முறைத்தாள். வயசாகிவிட்டது என்று கடையே கிண்டலடித்தது. அவள் குனிந்து சிரித்துக்கொண்டாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்த அக்கா மாத்திரை அட்டை குறையாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டாள். கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். சோதித்தார்கள். கர்ப்பம் இல்லை.

"ஏம்மா நிறுத்துனீங்க? உடம்புக்கு ஒத்துக்கலையா?" என்றார் டாக்டரம்மா.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. குழந்தைக்கு ஆகாதுன்னு சொன்னீங்களே."

டாக்டரம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு, இன்றைக்கே மறுபடி தொடங்கச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் அக்கா மாத்திரையைப் பிரித்து, தண்ணீர் பாட்டிலோடு நீட்டினாள். "போட்டுக்கோடி. உன்னையும் அம்மா மாதிரி பார்க்க என்னால முடியாது."

டேப்பு வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"நாளைக்குப் போட்டுக்கறேன் அக்கா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இருக்கட்டுமே."