அக்காவின் பல்செட்டும் என் பற்களும்

தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் அப்பாவிடமிருந்து அக்காவுக்கும் எனக்கும் வந்தது. அக்கா என்னைவிட நிறைய வயது மூத்தவள்; திசையன்விளையில் வாழ்க்கைப்பட்டவள். நாற்பது வயதுக்குள் அவளுடைய பற்கள் பாதியாகத் தேய்ந்து, காப்பிகூட ஆறவைத்துத்தான் குடிப்பாள். அப்போது பார்த்த டாக்டர், பிடுங்கிவிட்டுப் பல்செட் வைப்பதுதான் வழி என்றார். மேல்வரிசை முழுவதும் போனது. கீழே முன்பற்கள் மட்டும் மிஞ்சின. அதைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை.

என் பற்கள் கூச ஆரம்பித்தபோது காலம் மாறியிருந்தது. பாளையங்கோட்டையில் நான் பார்த்த டாக்டர் எதையும் பிடுங்கவில்லை. தேய்ந்த கடைவாய்ப் பல்லைச் சுற்றிலும் சீவி, மேலே தொப்பி மாதிரி உறை மாட்டினார். உறை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சீவியதில் உள்ளே நரம்பு கெட்டு, பிறகு வேர் சிகிச்சையும் செய்ய வேண்டியதாயிற்று. மற்ற பற்களை அப்படியே விட்டுவிட்டேன்.

போன வருஷம் முன்பற்களும் கூசின. இந்த முறை ஜங்ஷன் பக்கம் ஒரு இளம் பெண் டாக்டரிடம் போனேன். கண் பரிசோதனைக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த அக்காவும் கூட வந்தாள்.

பேனா போன்ற ஒரு கேமராவை வாய்க்குள் நகர்த்தினார் டாக்டர். என் பற்கள் பெரிதாகத் திரையில் வந்தன.

"இருக்கிறதே கொஞ்சம்தான். அதை எதுக்கு இன்னும் சீவணும்? குறைஞ்சதை மட்டும் ஒட்டி வளத்துருவோம்" என்றார்.

பல்லில் நீல நிறக் களிம்பைத் தடவிக் கழுவினார். பிறகு பல் நிறத்தில் ஒரு பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு தடவையும் நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. கண்ணாடியில், தேய்வதற்கு முன்பிருந்த என் பழைய பற்கள் தெரிந்தன.

மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா கேட்டாள். "ஊசியே போடலியேம்மா?"

"எதையும் வெட்டலைல்லா அம்மா, அதான்."

"எனக்கு அப்பமே இப்படிச் செஞ்சிருக்கக் கூடாதா?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "அந்தக் காலத்துப் பசை இந்த அளவுக்குப் பிடிக்காதும்மா. உங்க டாக்டர் செஞ்சதுல தப்பில்ல."

அக்கா தலையாட்டினாள். ஆட்டோவில் ஏறியதும் அவள் அழுவாளோ என்று நினைத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உனக்குப் பேச்சு குழறுது" என்றாள்.

உண்மைதான். முன்பற்கள் நீண்டதால் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. அவை தாமாகவே நகர்ந்து சேர்ந்துகொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை இட்லியும் இடியாப்பமும்தான். பள்ளிக்கூடத்தில் நான் நடத்தும் வேதியியல் வகுப்பில் 'சல்பேட்' என்று சொல்ல நான் பட்ட பாட்டைப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு ரசித்தார்கள். சில மாதங்களில் எல்லாம் சரியானது. ஒரு தடவை ஓரத்தில் சில்லு தெறித்தது. போய் உட்கார்ந்ததும் டாக்டர் ஒட்டி அனுப்பிவிட்டார்.

ஆட்டோவில் வந்த அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் வந்தாள்.

"கீழ்ப்பல்லு இன்னும் என்னோடதுதான். அதை அந்த டாக்டர் பிள்ளை செய்யுமா?"

"கேட்டுப் பாப்போம்க்கா."

செய்தார். கீழ்ப்பற்கள் உயர்ந்துவிட்டதால் பழைய செட்டு இனிப் பொருந்தாது என்று மேல்வரிசைக்குப் புதிதாக ஒன்றும் செய்து கொடுத்தார். அக்கா ஊருக்குப் போய் போன் செய்தாள்.

"கீழ நல்லாருக்குட்டி. மேல புது செட்டுதான் ஈறை உறுத்துது. அடுத்த வாரம் வாரேன், செட்டைப் பைய ராவிவிடச் சொல்லு."